மோர் வண்டிக்கு வந்த பேட்டரி ஃபிரிட்ஜ்

மறைக்காதே ருக்கியா, எனக்கு நேற்றே தெரியும். கும்பளங்கியில் உன் மருமகன் மீன் வளர்க்கிற இடத்தில் கரண்ட் கிடையாது, சோலார் போட்டிருக்கிறான், அந்த ஷெட்டுக்கு இரண்டு கதவு ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறான், அதில் ஐந்து நட்சத்திரம் இருக்கிறதாம், கதவைத் திறந்தால் பாட்டுப் பாடுமாம். முட்டைக் கடை சுபைதா சொன்னாள். அவள் சொல்வதில் பாதி பொய். பாட்டைத் தள்ளிவிட்டாலும் இரண்டு கதவு மிச்சம் இருக்கிறது. அதனால்தான் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

அவன் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் என் மோர் வண்டி பட்ட பாட்டைச் சொல்லிவிடு. நீ சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாய், ஆனாலும் உனக்குத் தெரிந்தது புளித்த பாதி மட்டும். ஐந்து நாள் தொடர்ந்து நான் தூக்குச்சட்டியில் மோர் கொடுத்தனுப்பினேனே, நீங்கள் எல்லாரும் எங்கள் ஊர் மோர்க்குழம்பு மாதிரிப் புளிசேரி வைத்துச் சாப்பிட்டீர்களே, அது ஏன் புளித்தது என்று ஒருத்தியாவது கேட்டீர்களா? இந்தச் சந்தில் அந்த வாரம் யார் வீட்டுக்குப் போனாலும் புளிசேரிதான். என் தொழில் கவிழ்ந்துகொண்டிருந்தது, சந்து முழுக்கக் கறிவேப்பிலை தாளிக்கிற வாசனை.

சக்கரம் வைத்த கடை

என் வண்டி நிற்கிற இடம் உனக்குத் தெரியும். படகு ஜெட்டிக்குப் போகிற வழி, இஞ்சி கோடவுன் சுவர். இந்த ஊருக்கு வந்து என் வீட்டுக்காரர் கோடவுனில் மூட்டை தூக்கப் போன வருஷமே நான் அந்தச் சுவரைப் பிடித்துவிட்டேன். சுமை தூக்குகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், படகுக்கு நிற்கிறவர்கள், எல்லாருக்கும் என் மோர்தான். இந்த ஊர்க்காரர்கள் சம்பாரம் என்பார்கள். பெயர் எதுவானாலும் இஞ்சியும் பச்சை மிளகாயும் நாரத்தை இலையும் ஒன்றுதான். வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள். அவர்கள் குடிப்பதில்லை, வண்டியைப் போட்டோ எடுப்பார்கள். என் வண்டியை எத்தனையோ தேசத்தில் பார்த்திருப்பார்கள், ஒரு டம்ளர் விற்றதில்லை.

மோருக்கு எதிரி வெயில். காலையில் கடைந்த மோர் பத்து மணிக்கு அமிர்தம், மூன்று மணிக்குப் புளிக்குழம்பு. அதற்குத்தான் ஐஸ்பெட்டி. மரப்பெட்டி, உள்ளே தகரம், நடுவில் மரத்தூள், மேலே நாலு மடிப்புச் சாக்கு. ஐஸைப் போர்த்துகிற வித்தையில் எனக்கு இணை இந்தத் துறைமுகத்தில் கிடையாது. நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். காலையில் வாங்குகிற கால் பிளாக் ஐஸ், சாயங்காலம் சாக்கைப் பிரித்தால் தேங்காய் அளவு மிஞ்சியிருக்கும். இளநீர்க்காரர், சர்பத்துக்காரர் எல்லாரும் என்னிடம் வந்து சாக்கு மடிக்கக் கற்றுக்கொண்டு போனவர்கள்.

போன வெயிலுக்கு முன்னால் ஐஸ் கம்பெனியில் சில்லறைக்கு உடைத்துத் தருவதை நிறுத்திவிட்டார்கள். இனி மீன்பிடி போட்டுக்கு ஏற்றுகிற முழு பிளாக் மட்டும்தானாம். முழு பிளாக் வாங்கினால் நான் அதன் மேல் உட்கார்ந்துதான் மோர் விற்க வேண்டும்.

சரி, ஃபிரிட்ஜ் வைக்கலாம் என்று கரண்ட் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் தங்கமானவள். “அம்மச்சி, கெட்டிட நம்பர் வேணும். வண்டிக்குச் சக்கரம் உண்டல்லோ, நாளைக்கு உருட்டிட்டுப் போனா எங்க மீட்டரும் கூடப் போகும்” என்றாள். அவள் சொன்னது நியாயம். என் வண்டிச் சக்கரம் உருண்டு எத்தனையோ வருஷம் ஆகிறது, ஒரு சக்கரத்தைச் சுற்றிச் செடியே முளைத்திருக்கிறது. ஆனால் சக்கரம் சக்கரம்தான்.

இதைக் கேட்டு என் மகன் முருகேசனுக்கு ஒரே சந்தோஷம். கலூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறானே, கூரியர் ஆபீஸில் வேலை. கெட்டவன் இல்லை. என் முட்டியைப் பார்த்துப் பயப்படுகிறவன்.

“போதும்மா. ஐஸும் நின்னாச்சு, கரண்டும் கிடையாதுன்னுட்டாங்க. வண்டியக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்துரு” என்றான்.

“மூணாவது மாடில உக்காந்து நான் யாருக்குடா மோர் கடையறது? லிஃப்ட்டுக்கா?”

“நாங்க குடிக்கிறோம்.”

“உங்க வீட்டுல தண்ணியே பாட்டில்ல வருது. நீங்க குடிச்சுக் கிழிச்சீங்க.”

மூன்று நாள் நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். நாலாவது நாள் இறங்கி வந்தான். சோலார் பேனலும் பேட்டரியும் எலக்ட்ரீஷியன் ஷாஜியை வைத்துப் போட்டுத் தருவது, கரண்ட் கம்பி இல்லாமலே ஓடுகிற மாதிரி ஒரு ஃபிரிட்ஜ் வாங்கித் தருவது என்று முடிவானது. ஆனால் ஒரு கண்டிஷன்.

“லாட்டரி விக்கிற பாபு சேட்டன் உன் வண்டியையும் இடத்தையும் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஃபிரிட்ஜ் வந்து ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் வருவேன். மோர எடுத்துக் குடிப்பேன். புளிக்கலைன்னா நீ நடத்து, நான் வாயத் தொறக்க மாட்டேன். புளிச்சிருந்தா வண்டி பாபு சேட்டனுக்கு, நீ கலூருக்கு. சம்மதமா?”

“நாக்கு உன்னுது. நீ புளிக்குதுன்னு பொய் சொன்னா?”

“சத்தியமாச் சொல்ல மாட்டேன்.”

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். சின்ன வயதில் முயற்சி செய்து பார்த்தான், காது சிவந்துவிடும். சம்மதம் என்றேன்.

இடப்பள்ளியில் நட்சத்திரம் எண்ணியது

கடைக்குப் போவதற்கு முன்னால் ஷாஜி என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தான். அவனுக்குத் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும்.

“அம்மச்சி, பேனல்னா பைப்பு. வெயில் உள்ளப்போ மட்டும் தண்ணி வரும். பேட்டரின்னா குடம். ஃபிரிட்ஜ்னா குடிக்கிற ஆளு. குடத்துல பாதிக்குக் கீழ மோக்கக் கூடாது, மோந்தா குடம் சீக்கிரம் கேடாகும். அதுகொண்டு நமக்கு வேண்டியது கொறச்சுக் குடிக்கிற ஆளு. மனசிலாயோ?”

“பெரிய குடமா வாங்கிட்டா?”

“குடம் பெரிசானா விலையும் பெரிசு. குடிகாரன் வீட்டுக்கு அண்டா வாங்கற மாதிரி. முதல்ல ஆளப் பாத்து எடுங்க.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்காரருக்கும் இதே கணக்குத்தான்.

இடப்பள்ளிக் கடையைப் பார்த்திருக்கிறாயா? உள்ளே போனால் மலைக் குளிர். அங்கே நின்றுகொண்டு ஃபிரிட்ஜ் விற்கிறார்கள். நான், முருகேசன், ஷாஜி மூன்று பேரும் போனோம். டை கட்டின பையன் ஒருத்தன் என்னை நேராக அலமாரி மாதிரி ஒரு பெட்டியிடம் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு கதவு. உன் மருமகன் பார்த்த அதே ஜாதி.

“அம்மச்சி, இது ஃபைவ் ஸ்டார் ஆணு. கண்ணு மூடி எடுக்கலாம்.”

படிக்கத் தெரியாவிட்டாலும் நட்சத்திரம் எண்ண வரும். விரலை வைத்து எண்ணினேன், ஐந்து. முருகேசன் முகத்தில் வெளிச்சம். ஷாஜி மட்டும் குனிந்து கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதுல ஐஸ் கட்டாது அம்மச்சி, ஃப்ராஸ்ட் ஃப்ரீ” என்றான் பையன்.

“கட்டாம எங்க போகும்?”

“உள்ள சின்ன ஹீட்டர் உண்டு. அது எடக்கெடக்கு ஐஸ உருக்கிக் களையும்.”

ருக்கியா, நான் அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். குளிர்ப் பெட்டி, அதற்குள்ளே அடுப்பு! ஒருத்தர் குளிர வைக்கிறார், இன்னொருத்தர் சுட வைக்கிறார், இரண்டு பேருக்கும் என் பேட்டரி சம்பளம் கொடுக்க வேண்டும். “அரசாங்க வேலை மாதிரி இருக்கு தம்பி” என்றேன். அவனுக்குச் சிரிக்க ஆசை, மானேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கதவைத் திறந்து உள்ளே விளக்கைக் காட்டினான். நான் செருப்பை வாசலில் விட்டிருந்தேன். கதவு திறந்த உடனே என் பாதத்தில் சில்லென்று பட்டது. கையில் படவில்லை, முகத்தில் படவில்லை, பாதத்தில். குளிர் தண்ணீர் மாதிரிதான், கீழே இறங்கி ஓடும். அதனால்தானே நம் ஐஸ்பெட்டிக்கு வாய் மேலே வைத்தோம்?

“தம்பி, கதவத் தொறந்தா குளிரு என் கால்ல கொட்டுதே. நான் ஒரு நாளைக்கு நூறு தடவ தொறப்பேன். மேல தொறக்கிற மாதிரி பெட்டி இல்லையா?”

“அது பாக்க நல்லதல்ல அம்மச்சி. வீட்டுல வெச்சா கிளாமர் இல்ல.”

“எனக்கும்தான் இல்ல. காட்டு.”

காட்டுவதற்குள் ஷாஜி அவனைப் பிடித்துக்கொண்டான். நட்சத்திரத்துக்குக் கீழே சின்னதாக ஒரு நம்பர் இருக்குமாம், வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று. “அத ஒவ்வொண்ணா வாசி” என்றான். ஒரு மணி நேரமாக நட்சத்திரம் நட்சத்திரம் என்று பேசிய பையன் அப்போதுதான் முதல் தடவையாகக் குனிந்து அந்த நம்பரைப் படித்தான் என்று நினைக்கிறேன். அவனுக்கே ஆச்சரியம். மூன்று நட்சத்திரம் போட்ட சின்ன ஒற்றைக் கதவுக்காரன், ஐந்து நட்சத்திர அலமாரியை விடக் குறைவாகக் குடிக்கிறான். ஏனென்று கேட்டேன். பெரிய பெட்டிக்குப் பெரிய பெட்டிகளோடு மட்டும்தான் போட்டி, சின்னதுக்குச் சின்னதோடு. அதாவது யானைகளுக்குள் ஒல்லியான யானைக்கு ஐந்து நட்சத்திரம். ஒல்லி என்றாலும் யானைதானே.

கண்ணாடிக் கதவு போட்ட ஒன்றும் இருந்தது, பேக்கரியில் வைப்பார்களே. எனக்கு அதன் மேல் ஆசை. உள்ளே பானை வரிசையாகத் தெரியும், மேலே விளக்கு எரியும், போகிறவர்கள் நாக்கில் தண்ணீர் ஊறும். ஷாஜி கையெடுத்துக் கும்பிட்டான். “அம்மச்சி, கண்ணாடி வழி சூடு ஓடி வரும். நம்ம குடம் பத்து மணிக்குக் காலி.” மனசில்லாமல் நகர்ந்தேன். இப்போதும் பேக்கரியைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்ப்பேன்.

கடைசியில் ஸ்டோர் ரூமிலிருந்து ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அரிசிப் பெட்டி மாதிரி, மேலே திறக்கிற மூடி, ஒரு மூலையில் நசுக்கல். நேராகப் பேட்டரியிலேயே ஓடுமாம், நடுவில் இன்வெர்ட்டர் வேண்டாம். ஷாஜி சந்தோஷத்தில் அதன் மூடியைத் தட்டினான். “இன்வெர்ட்டர் வெச்சா அதுவும் கொஞ்சம் குடிக்கும். பின்னே சாதா ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகும்போ ஒரே இழுப்பு இழுக்கும். இது மெல்ல, சாயா குடிக்கிற மாதிரி குடிக்கும்.”

முருகேசனுக்குத்தான் வருத்தம். இவ்வளவு தூரம் வந்து நட்சத்திரமே இல்லாத பெட்டி வாங்க வேண்டியதாயிற்று.

நான் அதற்குச் செய்த மரியாதை

புதன்கிழமை பேனல் இரண்டும் வண்டிக் கூரையில் ஏறின. பேட்டரி வண்டி வயிற்றில். பெட்டி சுவர் ஓரம், நிழலில். ஷாஜி எல்லாம் பார்த்துவிட்டுப் போனான். போன பிறகு நான் பெட்டியைப் பார்த்தேன். வெள்ளையாக, மொட்டையாக, இந்த வெயிலில் நின்றது. பெற்ற பிள்ளையை ஜட்டி இல்லாமல் தெருவில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

என்னிடம் சாக்கு இருந்தது. பழைய ஐஸ்பெட்டியின் மரத்தூள் இரண்டு மூட்டை இருந்தது. இஞ்சிச் சாக்கில் மரத்தூளை நிரப்பித் தைத்தேன். பெட்டியின் நாலு பக்கமும் நெருக்கி வைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். அதற்கு மேல் என் வீட்டுக்காரர் போர்த்திய பழைய கம்பளி. மூடிக்கு மட்டும் வழி விட்டேன். அரை நாள் வேலை. தள்ளி நின்று பார்த்தால் என் தொழில் வாழ்க்கையிலேயே அழகான கட்டு அதுதான். சர்பத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, “கல்யாணப் பொண்ணு மாதிரி உண்டு” என்றார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மோர் புளித்தது.

வெள்ளி, ஒரு மணிக்கே பெட்டி கீச்கீச்சென்று கத்திவிட்டு நின்றது. பேட்டரி பாதிக்கு இறங்கினால் அது தானே நின்றுவிடும், ஷாஜி அப்படித்தான் செட் பண்ணியிருந்தான். சனி, பன்னிரண்டரைக்கு. முதல் ஞாயிறு, பன்னிரண்டுக்கு. என் பெட்டி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னதாக வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆளாகிவிட்டது. நீங்கள் புளிசேரி தின்ன ஆரம்பித்தது அப்போதுதான்.

ஷாஜி பேனலில் தூசி என்றான். கோடவுன் லாரி கிளப்புகிற தூசி. தினம் காலையில் ஈரத்துணியால் துடைத்தோம். அடுத்து பேட்டரியில் சந்தேகப்பட்டு மூடியைத் திறந்து டிஸ்டில் வாட்டர் விட்டான். இடப்பள்ளிப் பையனுக்குப் போன் போட்டால், “அம்மச்சி நெறயத் தடவ தொறக்குது” என்றான். முருகேசன் வேலை முடிந்து நேரிலேயே வந்து பெட்டியைப் பார்த்தான், அவன் சொல்லாமல் விட்டது என் வயசு. நடுவில் ஒரு குளிர்பானக் கம்பெனி ஏஜெண்ட் வேறு வந்து, தங்கள் பாட்டில்களை வைப்பதாக இருந்தால் கண்ணாடி ஃபிரிட்ஜ் சும்மாவே தருவதாகச் சொல்லிப் புண்ணைக் கிளறிவிட்டுப் போனார்.

இத்தனை பேர் வந்தார்கள். அத்தனை பேரும் அந்தக் கம்பளிக் கட்டைப் பார்த்தார்கள். ஒருத்தர் கையும் அதன் மேல் போகவில்லை. முருகேசன் அது ஷாஜி கட்டச் சொன்னது என்று நினைத்தான். ஷாஜி அது முருகேசன் வாங்கிப் போட்ட கவர் என்று நினைத்தான். நான் அது இருப்பதால்தான் பன்னிரண்டு மணி வரையாவது தாங்குகிறது என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை இன்னொரு சாக்குச் சேர்த்துக் கட்டினேன்.

பாபு புதன்கிழமை வந்து ஒரு மோர் வாங்கிக் குடித்தார். மரியாதைக்குக் குடித்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “அம்மச்சி, இந்தக் கூரைய எடுக்க முடியுமோ? லாட்டரி போர்டு வெக்கணும்” என்றார். நான் மத்தைக் கழுவிக்கொண்டே, “ஞாயித்துக்கிழமை வா மோனே” என்றேன். சிரிப்பாகச் சொல்கிறேன் இப்போது, அன்றைக்கு வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து எந்தப் புடவையைக் கலூருக்கு எடுத்துப் போவது என்று பார்த்தேன்.

உறை ஊற்றிய செம்பு

வெள்ளிக்கிழமை காலை பால் தாமதமாக வந்தது. வீட்டில் உறை ஊற்றி வைக்க நேரமில்லை. காய்ச்சி ஆற்றி, செம்பிலேயே உறை ஊற்றி, மறுநாளைக்கு ஆகட்டும் என்று வண்டிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உறை ஊற்றிய பால் ஆடக் கூடாது, தெரியுமே. எங்கே வைப்பது? பெட்டிக்கும் சாக்குக்கும் நடுவில் ஒரு கை அளவு நெகிழ்ந்திருந்தது. அங்கே செருகினேன். சாயங்காலம் தோய்ந்தால் போதும்.

பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போலப் பெட்டி கீச்சிட்டு நின்றது. செம்பை எடுத்துவிட்டுக் கட்டைச் சரி செய்யலாம் என்று கையை விட்டேன். செம்பு சுட்டது. வெளியே எடுத்துத் திறந்தால் தயிர் கட்டியாகத் தோய்ந்து, தண்ணீர் விட்டு, புளித்தே போயிருந்தது. காலை ஒன்பதுக்கு வைத்தது!

நான் எத்தனை பால் தோய்த்திருப்பேன் இந்தக் கையால்? குளிர் நாளில் பால் தோயவில்லை என்றால் என்ன செய்வோம், அடுப்புக்குப் பக்கத்தில் வைப்போம். இந்தப் பெட்டி அடுப்பாக இருந்தால்தான் இப்படித் தோயும். மறுபடி கையை உள்ளே விட்டு வெள்ளைத் தகரத்தைத் தொட்டேன். இட்லிச் சட்டி.

உடனே போன்.

“ஷாஜி, உன் ஃபிரிட்ஜு தயிர் தோய்க்குது.”

“அம்மச்சி, ஃபிரிட்ஜுல தயிரு தோயாது.”

“உள்ள இல்லடா, வெளிய.”

பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்தான். சாக்குக்குள் கையை விட்டான், “எண்டம்மே!” என்று உதறி எடுத்தான்.

“இது ஆரு கெட்டினது?”

“நான்தான். சூடு உள்ள போகாம இருக்க.”

“நான் நெனச்சது முருகேசன் வாங்கின கவர்னு!” தலையில் கையை வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். “அம்மச்சி, ஐஸ்பெட்டியில குளிர நீங்க வெளியிலிருந்து வாங்கி வெக்கிறீங்க. ஃபிரிட்ஜு அப்படியல்ல. அது உள்ள இருக்கிற சூட எடுத்து இந்தப் பெட்டியோட சுவரு வழி வெளிய தள்ளும். நீங்க வழிய அடச்சாச்சு. பாவம், அது தள்ளித் தள்ளி, பேட்டரியையும் குடிச்சுத் தீத்து...”

“கம்பளி வேற போட்டேன்” என்றேன்.

“அதையும் கண்டேன்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. கோடவுன் ஆட்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். இந்தத் துறைமுகத்துக்கே சாக்குக் கட்டக் கற்றுக்கொடுத்த ஆள் நான், அந்த வித்தைதான் எனக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

அரை நாளாகக் கட்டியதை ஐந்து நிமிஷத்தில் அவிழ்த்தோம். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல் மேல் தூக்கி வைத்தோம். மொட்டையாகத்தான் நின்றது. நிற்கட்டும்.

அன்றைக்கே வேலை செய்கிற முறையையும் மாற்றினேன். முன்பெல்லாம் வீட்டிலிருந்து கொண்டு வந்த பானையை இளஞ்சூட்டோடு நேரே உள்ளே இறக்குவேன். இப்போது முதலில் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் உள்ளே. டம்ளருக்கு டம்ளர் மூடியைத் திறப்பதும் கிடையாது. வெளியே ஒரு மண்பானை, ஈரத்துணி சுற்றியது, அதிலிருந்து விற்பேன். அது தீர்ந்தால்தான் பெட்டியைத் திறப்பேன். ஷாஜி சொல்லிக் கொடுத்த இன்னொன்று பாட்டில். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைப் பெட்டியின் அடியில் அடுக்கி, உச்சி வெயிலில் பேனல் நிறையக் கொடுக்கும்போது பெட்டியை நன்றாகக் குளிர விடுவது. பாட்டில் ஐஸாகிவிடும். பேட்டரியில் சேர்க்க முடியாத வெயிலை ஐஸாகச் சேர்த்து வைப்பது. பார், சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஐஸ்தான். கம்பெனி தரவில்லை என்றால் என்ன.

சனிக்கிழமை சுட்டெரிக்கிற வெயில். பாட்டில் எல்லாம் கல்லாக உறைந்தன. சாயங்காலம் பெட்டி கத்தவில்லை. முருகேசனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஷாஜி சொல்லியிருக்கிறான், அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் வானம் கருப்பு. வருஷத்தில் நாலு நாள் வருகிற கோடை மழை, அன்றைக்குத்தான் அதற்கு நேரம் கிடைத்தது. பேனலில் வெயில் இல்லை. மோர் குடிக்க ஆளும் இல்லை. குடை பிடித்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்து நனைகிற வண்டியை அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஷாஜி வந்து பேட்டரி மீட்டரைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். “மூடி தொறக்காதீங்க அம்மச்சி. பாட்டில்தான் இனி நம்ம தெய்வம்.”

மூன்று மணிக்குப் பெட்டி கீச்சிட்டது. நின்றுவிட்டது. அஞ்சுக்கு இன்னும் இரண்டு மணி நேரம். நான் மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன், யாரும் திறந்துவிடக் கூடாது என்று. முழு பிளாக் ஐஸ் வாங்காமலே அந்தக் கதிதான்.

பாபு நாலரைக்கே வந்துவிட்டார், கையில் அளவு நாடாவோடு. நான் உட்கார்ந்திருக்கிற பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு வண்டியின் மற்ற பக்கம் எல்லாம் அளந்தார். என்னையும் சேர்த்து அளந்துவிடுவாரோ என்று பார்த்தேன். ஐந்து மணிக்கு முருகேசன் வந்தான். சட்டை நனைந்திருந்தது. முகத்தில் ஜெயித்த களை இல்லை. “எறங்கும்மா” என்றான்.

இறங்கினேன். ஷாஜி மூடியைத் தூக்கினான். பாட்டில்கள் பாதி உருகி, உள்ளே ஐஸ் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. பானை நிறைய மோர், காலையில் கடைந்தது. ஒரு டம்ளர்கூட விற்கவில்லை. நல்ல வியாபாரம் நடந்திருந்தால் இவனுக்கு ருசி பார்க்க ஒரு சொட்டும் மிஞ்சியிருக்காது.

ஒரு டம்ளர் மோந்து கொடுத்தேன். குடித்தான். நாக்கைச் சப்புக் கொட்டினான். நான் அவன் வாயைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உப்பு கம்மி” என்றான்.

“புளிப்பு?”

இன்னொரு வாய் குடித்தான். காது சிவக்கவில்லை. “இல்லம்மா. புளிக்கல.”

பாபு தானும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். இன்னொன்றும் வாங்கினார். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். “முருகேசா, இந்தப் பெட்டி ஆரு செலக்ட் செய்தது? என் தங்கச்சியோட வீடு தீவிலயாணு, கரண்டு எப்பவும் இல்ல.”

“நான்தான்” என்றான் என் மகன். காது சிவந்தது. “ஒரு விஷயம் கவனிக்கணும் பாபு சேட்டா. ஃபிரிட்ஜு சூட சுவரு வழியா வெளிய தள்ளும். சிலர் அது தெரியாம மூடி வெச்சிருவாங்க.” அவன் சொல்லிக்கொண்டே போனான், நட்சத்திரத்தைப் பார்க்காதே, நம்பரைப் பார் என்கிற வரைக்கும். ஷாஜி என்னைப் பார்த்தான். நான் மழையைப் பார்த்தேன்.

என் வண்டி என்னிடம் இருந்தது. மீதி பெருமையை யார் எடுத்துக்கொண்டால் எனக்கென்ன?

சொன்ன சொல் காப்பாற்றுகிறான், கலூர்ப் பேச்சை எடுப்பதே இல்லை. தினம் ஐந்து மணிக்குப் போன் மட்டும் வரும். “புளிச்சுதா?” என்பான். “இல்லடா” என்பேன். “சரி” என்பான். அந்தச் சரியில் ஒரு சின்ன ஏமாற்றம் இருக்கும், கேட்க எனக்கு அவ்வளவு நன்றாக இருக்கும்.

உன் மருமகனிடம் இதைச் சொல். நம்பரைப் படிக்கச் சொல், மேலே திறக்கிறதை வாங்கச் சொல், வாங்கிய பிறகு பெட்டியைச் சுற்றிக் காற்று போக விடச் சொல். ஐஸ் சும்மா கிடக்கிற பொருள், எவ்வளவு வேண்டுமானாலும் போர்த்தலாம். வேலை செய்கிறதற்கு உடம்பு சுடும். அதைப் போர்த்தி மூலையில் வைத்தால் அன்றைக்கே படுத்துவிடும். நான் படித்த பாடம் இவ்வளவுதான், இதற்கே ஒரு பானை மோர் வீதம் ஐந்து நாள் ஃபீஸ் கட்டியிருக்கிறேன், தின்றது நீங்கள். அப்புறம் அந்த சுபைதா வீட்டில் பார்த்தாயா, மிக்ஸி முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் பூப்போட்ட உறை தைத்து மாட்டி... மணிச் சத்தம் கேட்கிறதா? பால்காரர்தான். நீ உட்காரு, குண்டான் எங்கே என்று உனக்குத் தெரியாது. இந்த வெக்கையில் ஒரு நிமிஷம் பிந்தினாலும் பால் திரிந்துவிடும், நாளைக்குக் கடைய ஒன்றும் இருக்காது. தோ வர்றேன் சேட்டா, நிக்கணும்!